எங்கள் வீட்டின் 64 பேரிங்குகள்

எங்கள் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் உள்ள ஸ்கேட்டிங் ரிங்கின் ஓரத்தில் நீளமான ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. மாலை ஐந்தரை மணி வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்களும், அலுவலகத்திலிருந்து நேராக வந்துவிடும் சில அப்பாக்களும், பேரனின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்திருக்கும் தாத்தாக்களும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 2023 ஜூனிலிருந்து ஓராண்டுக் காலம் நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் மாதம் என் மகள் போட்ட ஒவ்வொரு சுற்றையும் கண் எடுக்காமல் பார்த்தேன். மூன்றாம் மாதம் கைப்பேசியைக் கையில் எடுத்தேன். ஆறாம் மாதத்துக்குள் கீரைக்கட்டைக் கொண்டுவந்து அங்கேயே ஆய்ந்து முடித்துவிடும் வழக்கம் வந்துவிட்டது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைப்பது பெரிய விஷயம்.

ஒரு நாள் வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்: "அம்மா, இன்னைக்கு ஒத்தைக் கால்லயே இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போனேன், பாத்தியா?" பார்த்தேன் என்று சொன்னேன். "இல்ல, நீ கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். சற்று நேரம் கழித்து, "நீயும் ஒரு தடவை போட்டுப் பாரும்மா, அப்பத்தான் அது எவ்ளோ கஷ்டம்னு தெரியும்" என்று சேர்த்துக்கொண்டாள். அந்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. என் மகள் ஓராண்டாகச் செய்துவரும் ஒரு காரியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மாதக் கட்டணமும் வகுப்பு முடியும் நேரமும்தான் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் கடைக்குப் போய், எங்கள் இருவருக்கும் ஏழு வயது மகனுக்குமாக மூன்று ஜோடி ஸ்கேட்ஸ் வாங்கி வந்தோம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் இருக்கும் 'குவாட்' வகை அது. ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்த 'இன்லைன்' பார்க்க அழகாக இருந்தாலும், நிற்கவே தெரியாதவர்களுக்கு முதலில் குவாட்தான் சரி என்று மகளின் கோச் சொல்லியிருந்தார். ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் காப்புகள் என்று சேர்த்தபோது, ஸ்கேட்ஸின் விலையில் பாதிக்கு மேல் இவற்றுக்கே ஆயிற்று. இவ்வளவு காப்பும் தேவைதானா என்று கணவர் யோசித்தார். அந்த யோசனையின் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

வகுப்பு நடக்கும் மாலை நேரத்தில் பெரியவர்களை ரிங்கில் விடமாட்டார்கள். வேகமாக வரும் பிள்ளைகளுக்கு நடுவில் தடுமாறும் பெரியவர் ஒருவர் நிற்பது இரு தரப்புக்கும் ஆபத்து. ஆகவே அந்த விதியில் எனக்குக் குறையில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, நடைப்பயிற்சிக்காரர்களுக்காகப் பூங்கா திறந்ததும் ரிங்க் காலியாக இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

முதல் நாள் நான் கற்றுக்கொண்டது, நடக்கத் தெரிந்திருப்பதே ஸ்கேட்டிங்குக்குப் பெரிய தடை என்பதைத்தான். நடக்கும்போது பின்னங்காலால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறோம். தரை நம்மை முன்னே தள்ளுகிறது. காலுக்கடியில் சக்கரம் வந்துவிட்டால் பின்னோக்கித் தள்ளும் கால் வெறுமனே பின்னோக்கி உருண்டுவிடுகிறது. உடல் முன்னே சாய, கால் பின்னே போக, முகம் தரையை நோக்கி வருகிறது. சக்கரம் உருளாத திசை பக்கவாட்டுத் திசை மட்டும்தான் என்பதால், பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பிப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. என் கால்கள் அதை ஏற்றுக்கொள்ள ஐந்து வாரம் ஆயிற்று. நாற்பது ஆண்டுகளாக ஒரே விதமாக நடந்து பழகிய கால் அவை. மகனுக்கோ இந்தச் சிக்கலே இருக்கவில்லை. இரண்டாம் வாரமே வாத்து போலப் பாதங்களை விரித்துக்கொண்டு ரிங்கைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

மகள் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது போவதற்கு அல்ல, விழுவதற்கு. "முட்டியை மடக்கும்மா, இன்னும் மடக்கு, நிமிராதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விழப் போகிறோம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து பின்னுக்குச் சாய்வதுதான் மனித இயல்பு. ஆனால் பின்னால் விழுந்தால் தலையும் முதுகும்தான் அடி வாங்கும். ஆகவே விழுவது உறுதியானதும் உடலைத் தாழ்த்தி, முன்னோக்கிச் சாய்ந்து, முதலில் முட்டிக் காப்பு, பிறகு முழங்கைக் காப்பு, கடைசியாக மணிக்கட்டுக் காப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் பட விட வேண்டும். விரல்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறிவிடும். நின்ற இடத்திலிருந்தே இதை இருபது தடவை செய்யச் சொன்னாள். விழுவதை ஒரு பாடமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் விழுந்தபோதுகூட, ஏன் விழுந்தாய் என்றுதான் கேட்டார்கள்.

குவாட் ஸ்கேட்ஸ் எப்படித் திரும்புகிறது என்பதைப் பற்றி நான் பிறகு தேடிப் படித்தேன். அதற்கு முன் இருந்த ஸ்கேட்ஸ்கள் பெரும்பாலும் நேராக மட்டுமே ஓடின. திரும்புவதற்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. 1863 ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்ப்டன், சக்கர அச்சுக்கும் பாதத் தட்டுக்கும் இடையில் ரப்பர் மெத்தைகளை வைத்தார். பாதத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அந்த ரப்பர் அழுந்தி, அச்சு கோணம் மாறி, ஸ்கேட்ஸ் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அவர் அத்தோடு நிற்கவில்லை. 1866 இல் ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் ஒரு விடுதியைக் குத்தகைக்கு எடுத்து, அதன் உணவுக்கூடத்தை ஸ்கேட்டிங் ரிங்காக மாற்றினார். ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து செய்யத் தகுந்த கண்ணியமான பொழுதுபோக்காக இது அறியப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. அதாவது நாங்கள் இப்போது காலில் கட்டியிருக்கும் பொருள் பிறந்து மூன்றே ஆண்டுகளில் பெரியவர்களின் கூடத்துக்குள் போய்விட்டது. நம் ஊரில் மட்டும் அது ஏனோ பிள்ளைகளின் 'கிளாஸ்' என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

ஏன் என்பதற்கு என் வரையில் ஒரு காரணம் உண்டு. முதல் இரண்டு ஞாயிறுகள் நான் சுடிதாரும் துப்பட்டாவுமாகத்தான் போனேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தேன். இரண்டாவது ஞாயிறு விழுந்து எழுந்தபோது முடிச்சு அவிழ்ந்து, அதன் நுனி இடது பாதத்தின் முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வேகமில்லாததால் தப்பித்தேன். அன்று மகள் அழுகிற குரலில், "அதைக் கழட்டிட்டு வாம்மா" என்றாள். அந்தப் பூங்காவில் காலையில் நடப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். டிராக் பேண்டும் டி-சர்ட்டும் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு, அவர்கள் முன்னால் விழுந்து எழ வேண்டும் என்பதை நினைத்தபோது, விழும் பயத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு துப்பட்டா இல்லாமல் போனேன். இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் கிட்டே வந்து, "அடி படாம பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார். நான் பல ஆண்டுகளாகச் சுமந்திருந்த ஒரு பயம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோனது. இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், ரிங்கின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலரைத் தடுத்து வைத்திருப்பது உடல் வலுவோ நேரமோ இல்லை, இதுதான் என்று நான் உறுதியாக நம்புவதால்தான்.

இனி கணவரின் கதை. முட்டிக்கும் முழங்கைக்கும் காப்பு கட்டிக்கொள்வார். மணிக்கட்டுக் காப்பு மட்டும் விரல்களை மடக்க விடுவதில்லை என்று கழற்றி வைத்துவிடுவார். 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஓரளவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தவர், மரத்திலிருந்து விழுந்திருந்த ஒரு காய்ந்த காம்பின் மீது சக்கரம் ஏறி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டில் கீறல் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒருவர் நிலைதடுமாறும்போது கை தானாகவே முன்னால் நீள்கிறது, உடலின் முழு எடையும் வேகமும் அந்தச் சிறிய எலும்புகளில் இறங்குகின்றன. 1996 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் இன்லைன் ஸ்கேட்டிங் காயங்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியானது. அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மணிக்கட்டில்தான் காயம் என்றும், மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு அந்தக் காயம் ஏற்படும் வாய்ப்பு அணிந்தவர்களைப் போல 10 மடங்குக்கு மேல் என்றும் அது கண்டறிந்தது. அந்த ஆறு வாரமும் மகன்தான் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். கட்டுப் பிரித்த பிறகு என் கணவர் மறுபடி ரிங்குக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார், இரண்டு மணிக்கட்டிலும் காப்போடு வந்தார். விழுந்தவர் திரும்பி வருவதைப் பிள்ளைகள் பார்த்தது, அதுவரை நாங்கள் அவர்களுக்குச் செய்த பல உபதேசங்களைவிட மேலானது என்று நினைக்கிறேன்.

இந்த முயற்சியில் காலில் சக்கரம் கட்டாமலே சேர்ந்துகொண்டவர் என் மாமனார். அவருக்கு எழுபது வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழைச்சேறு பட்ட ஸ்கேட்ஸ்களை நான் ஒரு நாள் குழாயடியில் வைத்துக் கழுவிவிட்டேன். மறுவாரம் சக்கரங்கள் கரகரவென்று சத்தம் போட்டன; ஒன்று சுற்றவே மறுத்தது. மாமா ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். "இது 608 பேரிங்மா. உள்ள எட்டு மில்லி, வெளிய இருபத்திரண்டு, கனம் ஏழு. தண்ணி ஊத்தலாமா இதுல?" என்று கேட்டார். சக்கரம் தடையில்லாமல் சுழல அதன் நடுவில் இருக்கும் குண்டு வளையம்தான் பேரிங். சக்கரத்துக்கு இரண்டு பேரிங், ஆளுக்கு எட்டுச் சக்கரம், நான்கு பேர். ஆக எங்கள் வீட்டில் 64 பேரிங்குகள். அன்று முதல் அவை மாமாவின் பொறுப்பில் வந்துவிட்டன.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மதியம் அவர் பால்கனியில் செய்தித்தாளை விரித்து உட்காருவார். நட்டைக் கழற்றி, அச்சின் நுனியையே நெம்புகோலாக வைத்துப் பேரிங்கை வெளியே இழுத்து, மூடித்தகட்டை ஊசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியில் தட்டி உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுவார். அதிகம் விட்டால் தூசியை இழுத்துக்கொள்ளும் என்பார். சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டுவதும் அவர்தான்: பக்கவாட்டில் தள்ளித் தள்ளி உள்பக்கச் சக்கரம் சீக்கிரம் தேய்வதால் அதை வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோவார். சக்கரத்தின் மேல் 82A என்றும் 95A என்றும் அச்சிட்டிருப்பது அதன் கெட்டித்தன்மை, எண் கூடினால் சக்கரம் கெட்டி என்பதை எனக்கு விளக்கியவரும் அவரே. வழவழப்பான ரிங்குக்குக் கெட்டியானது வேகம் தரும். கரடுமுரடான தரையில் அதே சக்கரம் பல் கூசும்படி அதிரும்.

மகன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நட்டுகளைக் கிண்ணத்தில் எண்ணிப் போடுவான். அப்படி ஒரு சனிக்கிழமைதான் மாமா தன் சிறுவயதுப் பேரிங் வண்டியைப் பற்றிச் சொன்னார். வாலாஜாபேட்டையில் லாரிப் பட்டறையில் தூக்கி எறிந்த பழைய பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கி, கவைக்கட்டையின் முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகக் கோத்து, தார்ச்சாலைச் சரிவில் ஒருவர் உட்கார, ஒருவர் தள்ள, தெரு முழுக்கக் கேட்கும்படி ஓட்டிய வண்டி அது. பதினாறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. என் கணவரும் கேட்டதில்லையாம். பேரிங்கைக் கையில் கொடுத்ததும்தான் அந்தப் பேச்சு வந்தது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ரிங்க் அவ்வளவுதான். ஈரமான சிமெண்டுத் தளத்தில் சக்கரம் பிடிக்காது. மழை விட்ட பிறகும் ஓரங்களில் பாசி இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் குடியிருப்பின் தரைத்தள வாகன நிறுத்தத்தில், கார்கள் வெளியே போயிருக்கும் பகல் பொழுதில், தூண்களைச் சுற்றிச் சுற்றி வருவோம். தூண்களுக்கிடையே இடம் குறைவு என்பதால் வேகம் எடுக்க முடியாது, நிறுத்தப் பழகலாம். ஒரு பாதத்தை மற்றதன் பின்னால் குறுக்காக இழுத்து நிறுத்தும் 'டி-ஸ்டாப்' எனக்கு வந்தது அங்கேதான். ஸ்கேட்ஸின் முன்நுனியில் இருக்கும் ரப்பர்க் கட்டையை அழுத்தி நின்றுவிடலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். போகிற வேகத்தில் அதை அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

பதக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் ஸ்கேட்டிங் என்று பேச்செடுத்தால் அவை வராமல் இருக்காது. 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் 3000 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங் ரிலே போட்டியில் வெண்கலம் வென்றபோது, எங்கள் பெஞ்சில் ஒருவர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரி ராஜ் பெண்கள் அணியிலும் ஆனந்த்குமார் வேல்குமார் ஆண்கள் அணியிலும் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் அதே ஆனந்த்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடிகளில் கடந்து தங்கம் வென்றார்; பிறகு 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். நாங்கள் நால்வரும் மாமாவும் அந்த 1000 மீட்டர் ஓட்டத்தின் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஸ்கேட்ஸ் கட்டிப் பழகும் முன் பார்த்திருந்தால் யார் முதலில் வந்தார் என்பதை மட்டுமே பார்த்திருப்பேன். இப்போது வளைவில் அவர் வலது காலை இடது காலுக்கு மேலாகக் குறுக்கே எடுத்து வைப்பதையும், தொடை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதையும், கடைசி நேரம் வரை முட்டி நிமிரவே இல்லை என்பதையும் பார்த்தேன். அந்தத் தாழ்ந்த நிலையில் நான் பத்து விநாடி நின்றால் தொடை எரியும். அதில் ஒருவர் 42 கிலோமீட்டர் போகிறார் என்பதன் பொருள், என் கால்களுக்கு இப்போது ஓரளவு தெரியும்.

ஆனால் இந்தப் பெருமையே ரிங்கில் ஒரு நெருக்கடியையும் கொண்டுவந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே போட்டிக்குப் போக வேண்டும் என்று பெஞ்சிலிருந்து குரல்கள் எழுகின்றன. விழுந்து அழும் பிள்ளையைப் பார்த்து, "எழுந்திரு, எழுந்திரு, டைம் போகுது" என்று கத்தும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். சில சமயம் நானும் அப்படிக் கத்தியிருக்கிறேன். எட்டுச் சக்கரத்தின் மேல் ஒரு முறை நின்று பார்த்த பிறகு என்னால் அப்படிக் கத்த முடியவில்லை. ஒவ்வொரு மாநகராட்சி ரிங்கிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்து ஸ்கேட்டிங் செய்வதற்கென்று ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. காலியாகக் கிடக்கும் காலை நேரமே போதும், தனியாகச் செலவு எதுவும் இல்லை.

மகள் இப்போது இன்லைனுக்கு மாறிவிட்டாள். மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். வார நாட்களில் நான் பழையபடி அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறேன், கீரையை வீட்டிலேயே விட்டுவிட்டு. ஞாயிறு காலையில் அவள் எங்கள் வேகத்துக்கு இறங்கி வருகிறாள். என் வலது பக்கத் திருப்பம் இன்னும் சரியில்லை என்பது அவளுடைய தீர்ப்பு. அது உண்மைதான், இடது பக்கம் போல அந்தப் பக்கம் சாய எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சென்ற வாரம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வெகுநேரம் தயங்கிவிட்டு, "அக்கா, இந்த வயசுல முடியுமா?" என்று கேட்டார். அவருடைய செருப்பைப் பார்த்தேன், என் அளவுதான். என் ஸ்கேட்ஸையே தருவதாகச் சொல்லி, ஞாயிறு ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். துப்பட்டா வேண்டாம் என்றேன். மணிக்கட்டுக் காப்பு எங்களிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது.